கடித்து விடும்போது சுரீர் என்கிறதா?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள், ஆனால் கடித்தால் உயிர் போகிறது" என்று வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். சொத்தை இல்லாத கடைவாய்ப் பல் இப்படி வலித்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது விரிசலைத்தான்.

வலி வரும் நேரத்தைக் கவனியுங்கள். கடிக்கும்போது வருவதைவிட, கடித்துவிட்டு வாயைத் திறக்கும் நொடியில் சுரீர் என்று ஏறி உடனே இறங்கும். கடிக்கையில் விரிசலின் இரு பக்கமும் விலகி, விடும்போது சட்டென்று சேர்கின்றன. அந்த அசைவில் பல்லின் நுண்குழாய்களில் உள்ள நீர் நகர்ந்து நரம்பைத் தீண்டுகிறது. குளிர்ந்த தண்ணீரும் கூசும். எந்தப் பல் என்று விரல் வைத்துச் சொல்லவும் பலருக்கு முடியாது.

விரிசல் பெரும்பாலும் பல்லின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கமாக, எக்ஸ்ரே பிலிமுக்கு இணையாக ஓடுவதால் படத்தில் விழாது. ஆகவே பல்லின் ஒவ்வொரு முகட்டிலும் சிறு பிளாஸ்டிக் துண்டை வைத்துக் கடிக்கச் சொல்வோம். பிறகு பக்கவாட்டில் ஒளி பாய்ச்சுவோம். விரிசல் இருந்தால் ஒளி அந்தக் கோட்டோடு நின்றுவிடும். பாதிப் பல் பளிச்சென்றும் மறுபாதி இருட்டாகவும் தெரியும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வெறும் கண்ணை நம்ப முடியாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன், புளோரைடு மிகுந்த போர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் பழுப்புக் கறை படிந்திருக்கும். அதில் கறை எது, விரிசல் எது என்று பிரிப்பது கடினம். பழைய அடைப்பு இருந்தால் அதை எடுத்துவிட்டு நீலச் சாயம் தடவிப் பார்ப்பதும் உண்டு.

பல்லின் கடினமான மேல்பூச்சான எனாமலில் உயிரணு கிடையாது. எலும்பு கூடுவதுபோல் அது கூடாது. மாத்திரை வலியை அடக்குமே தவிர, விரிசலை ஒட்டாது. முதலில் கடி உயரத்தைக் குறைத்து, பல்லைச் சுற்றித் தற்காலிக கேப் போட்டுச் சில வாரம் பார்ப்போம். வலி அடங்கினால் நிரந்தர கேப் போதும். குளிர்ச்சி பட்ட கூச்சம் நெடுநேரம் நின்றாலோ, தானாகவே இரவில் வலித்தாலோ, வேர் சிகிச்சை செய்த பிறகே கேப். ஈறுக்கும் பல்லுக்கும் இடையே விட்டு ஆழம் பார்க்கும் அளவு ஊசி வழக்கமாக 1 முதல் 3 மில்லிமீட்டர் இறங்கும். ஒரே ஓரிடத்தில் மட்டும் ஆழமாகப் போனால் விரிசல் வேருக்குள் இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். பல் இரண்டாகப் பிளந்துவிட்டால் பெரும்பாலும் பிடுங்க வேண்டியதுதான். அதனால்தான் சீக்கிரம் வரச் சொல்கிறோம்.

வறுத்த புளியங்கொட்டை, ஆட்டெலும்பு, சோடா மூடி, இம்மூன்றையும் பல்லிடம் கொடுக்காதீர்கள். தூக்கத்தில் பல் நறநறப்பவர்களுக்கு இரவில் மாட்டும் உறை செய்து தருகிறோம்.

வரும்வரை மறுபக்கமாக மெல்லுங்கள். கிராம்பு எண்ணெயை ஈறில் ஊற்றினால் புண்ணாகும். உடைந்த துண்டு கிடைத்தால் கழுவி, பாலில் போட்டு எடுத்து வாருங்கள். முகம் வீங்கினாலோ காய்ச்சல் கண்டாலோ காத்திருக்காமல் அன்றே வந்துவிடுங்கள்.

அன்புடன்,
பல் மருத்துவமனைக் குழுவினர்,
தருமபுரி