செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25: கோவை வீட்டு நோயாளிப் பராமரிப்பாளர்கள்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர் சகோதரிகளே, சகோதரர்களே, அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான நம் சங்கத்தின் செயல்பாடுகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

மே 12 செவிலியர் தினம் வழக்கம்போல் நடந்தது. ஆகஸ்ட் 15 அன்று கொடி ஏற்றினோம். கண் பரிசோதனை முகாம் ஒன்று நடத்தினோம். ஆயுத பூஜைக்குப் பொரி, சுண்டல் வழங்கினோம். காலமான உறுப்பினர்களுக்கு அஞ்சலி செலுத்தினோம்.

இந்த ஆண்டு சங்கம் செய்த முக்கிய வேலை போன் முறை. அதைப் பற்றிச் செயற்குழுவிலேயே பல பேச்சு வந்ததால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

புது வீட்டுக்கு டியூட்டிக்குப் போகும் உறுப்பினர், முகவரியையும் வீட்டுக்காரர் எண்ணையும் நம்மை வேலைக்கு அனுப்பும் ஏஜென்சியின் எண்ணையும் சங்க போனுக்கு அனுப்ப வேண்டும். உள்ளே போனதும் ஒரு மெசேஜ், இரவு 10 மணிக்கு ஒன்று, காலையில் கிளம்பும்போது ஒன்று. மெசேஜ் வராவிட்டால் அரை மணி நேரத்தில் நாங்கள் கூப்பிடுவோம். எடுக்காவிட்டால் வீட்டுக்காரரைக் கூப்பிடுவோம். அங்கும் பதில் இல்லையென்றால் பக்கத்தில் உள்ள உறுப்பினர் நேரில் போவார், தேவைப்பட்டால் 112. பக்கத்தில் ஆள் இருப்பதால் பேச முடியாத நிலை என்றால், "அக்கா, கையுறை தீர்ந்துபோச்சு" என்று சொன்னால் போதும், எங்களுக்குப் புரியும்.

முதல் நாள் பார்க்க வேண்டியவற்றை ஒரு தாளில் அச்சடித்தும் கொடுத்தோம். நாயைக் கட்டுவார்களா? நாம் படுக்கும் இடத்துக்கு உள்தாழ்ப்பாள் உண்டா? பேஷண்ட் காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிறாரா? ஆக்சிஜன் ஓடும் அறையிலேயே சாமி விளக்கு எரிகிறதா? கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்றார்கள் பலர். அதற்காகத்தான் அச்சடித்தோம். தாளை நீட்டி, "சங்கத்தில் எழுதி வாங்கச் சொன்னாங்க" என்றால் வீட்டுக்காரர்கள் கோபப்படுவதில்லை.

"இதெல்லாம் ஏஜென்சி பார்க்க வேண்டிய வேலை, சங்கக் காசை ஏன் அச்சுக்கும் போனுக்கும் செலவழிக்கிறீர்கள், அதற்கு ஒரு சுற்றுலா போகலாமே" என்று கேட்கப்பட்டது. ஏஜென்சி பார்க்க வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் ராத்திரி எத்தனை ஏஜென்சி போன் எடுக்கிறது? ஆஸ்பத்திரி நர்ஸுக்குப் பக்கத்து வார்டில் இன்னொரு நர்ஸ் இருக்கிறார், வாசலில் செக்யூரிட்டி இருக்கிறார், கேமரா இருக்கிறது. நமக்கு அடுத்தவர் வீட்டுக் கதவு சாத்தியாகிவிட்டால் யாரும் இல்லை.

வடவள்ளிப் பக்கம் 24 மணி நேர டியூட்டியில் இருந்த நம் சகோதரிக்கு நடந்தது இங்கே பலருக்குத் தெரியும். பேஷண்டின் உறவினர் ஒருவர் குடித்துவிட்டு வந்து, இவர் படுக்கும் அறை வாசலை விட்டு நகரவில்லை. கையுறை மெசேஜ் வந்தது. நம் ஆட்கள் இரண்டு பேர் ஆட்டோ பிடித்துப் போனார்கள், போலீஸும் வந்தது. அப்போதும் அந்தச் சகோதரி, படுக்கையில் கிடக்கும் அம்மாவைப் பார்த்துக்கொள்ள மகள் வந்து சேரும்வரை கிளம்ப மறுத்துவிட்டார். அப்படிப்பட்டவருக்கு, பாதியில் கேஸை விட்டதாகச் சொல்லி ஏஜென்சி சம்பளத்தைப் பிடித்தது. சங்கக் கடிதம் போன பிறகுதான் கொடுத்தார்கள். சுற்றுலா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இதற்குப் பதிலாக அது வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில், பணியிடம் என்பதில் வீடும் அடங்கும். ஏஜென்சியில் 10 பேருக்குக் குறைவாக இருந்தாலோ, புகார் முதலாளி மீதே என்றாலோ, மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் 3 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம். எழுதத் தயங்குபவர்களுக்குச் சங்கம் எழுதித் தரும், கூடவும் வரும்.

அப்புறம் ஊசி. இன்சுலின் போட்ட ஊசிக்குத் திரும்ப மூடி மாட்டும் பழக்கம் இன்னும் போகவில்லை. மாட்டும்போதுதான் குத்துகிறது. ஊசிப் பெட்டி இல்லாத வீட்டில் கெட்டியான பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் கேட்டு வாங்கி, நேராக அதில் போடுங்கள். குப்பைக் கவரில் போட்டால் அடுத்து குத்துப்படுவது தூய்மைப் பணியாளரின் கை. குத்திவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பிதுக்கக் கூடாது, வாயில் வைக்கக் கூடாது. உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவை என்று டாக்டர் சொன்னால் 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். உறுப்பினர் ஒருவருக்குக் குத்தியபோது "டெட்டால் போட்டுத் துடைத்துக்கொள்" என்று சொன்ன ஏஜென்சியும் உண்டு. ஊசி குத்தினால் எச்.ஐ.வி.யைவிட எளிதாகத் தொற்றுவது மஞ்சள் காமாலை 'பி' கிருமி. அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, மூன்று தவணை. முதல் ஊசி போட்டுக்கொண்டவர்களில் பாதிப் பேர் மூன்றாவதற்கு வரவில்லை.

இடுப்பு வலி பற்றிய பிசியோதெரபிஸ்ட் வகுப்புக்கும் இதே நிலைதான். பேஷண்டை ஒரு ஆள் கையால் தூக்குவது சுமார் 16 கிலோவைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் சொல்கிறது. நாம் 70 கிலோ ஆளைத் தனியாகக் கட்டிலில் இருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுகிறோம். மடித்த பெட்ஷீட்டை அடியில் விரித்து இழுப்பது, நாற்காலிக்கு பிரேக் போடுவது, முழங்காலை மடக்கி நிற்பது, வீட்டு ஆளை ஒரு கை பிடிக்கச் சொல்வது எல்லாம் செய்து காட்டினார்கள். நாற்காலிகள்தான் காலியாக இருந்தன. ஞாயிற்றுக்கிழமையும் டியூட்டி என்பது எனக்குத் தெரியும். ஆனால் கல்யாண மண்டபத்தில் பார்த்த முகங்களை வகுப்பில் பார்க்க முடியவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சந்தா மாதம் 50 ரூபாய். ஒழுங்காகக் கட்டுபவர்கள் பெரும்பாலும் குறைந்த சம்பளக்காரர்கள். பாக்கி வைத்திருப்பவர்களில் சிலர், தமக்குப் பிரச்சினை வந்தபோது நடுராத்திரியில் கூப்பிட்டவர்கள். அப்போது ரசீது கேட்கவில்லை, இனியும் கேட்க மாட்டோம். ஆனால் அந்த போனுக்கு ரீசார்ஜ் செய்ய வேண்டும்.

வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் தனியாக வைப்பார். வரவு சென்ற ஆண்டு அளவுதான், செலவு சற்றே கூடியது. அச்சு, போன், ஆட்டோ ஆகியவையே காரணம். கையிருப்பு கொஞ்சம் உள்ளது.

வரும் ஆண்டு பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன். போனை இப்போது நானும் துணைச் செயலாளரும் மட்டும் மாற்றி மாற்றி வைத்திருக்கிறோம். எங்களுக்கும் டியூட்டி இருக்கிறது. வாரத்துக்கு ஓர் இரவு பொறுப்பெடுக்க இன்னும் ஐந்து பேர் கிடைக்காவிட்டால், இரவு 10 மணி மெசேஜைப் பார்க்க ஆள் இருக்காது. அடுத்தது காப்பீடு. 18 முதல் 70 வயதுக்குட்பட்டவர்கள் வங்கியில் ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டினால் 2 லட்சம் விபத்துக் காப்பீடு கிடைக்கும். மே மாதத்துக்குள் எல்லோரையும் சேர்க்க வேண்டும், படிவம் நிரப்பவும் ஆள் வேண்டும்.

கூட்டத்துக்கு இடம் தந்தவர்களுக்கும், இலவசமாக வகுப்பெடுத்த பிசியோதெரபிஸ்டுக்கும், தலைவருக்கும், செயற்குழுவுக்கும், இரவில் ஆட்டோ ஓட்டி வந்த தம்பிக்கும் சங்கத்தின் நன்றி.

இரவுப் பொறுப்புக்குப் பெயர் கொடுப்பவர்கள் என்னிடம் கொடுக்கலாம். பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் வாசலருகே இருப்பார்.