கப்பலைத் திருப்பும் முன்: எரிவாயு விற்போருக்கு ஒரு திறந்த மடல்

திரவ இயற்கை எரிவாயுவை விற்கும் நிறுவனங்களுக்கும், ஒப்பந்தங்களை எழுதித் தருவோருக்கும் வணக்கம்.

உங்கள் ஒப்பந்தத்தில் ஒரே ஒரு பிரிவைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். பேசிய சரக்கை விற்பவர் தராமல் போனால் எவ்வளவு தண்டம் என்று சொல்லும் பிரிவு அது.

வாங்குபவர் பக்கம் விதி கறாராகவே இருக்கிறது. நீண்டகால ஒப்பந்தங்களில் பெரும்பாலும், சரக்கை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் குறைந்தபட்ச அளவுக்குப் பணம் கட்டியாக வேண்டும். எடுக்காததைப் பின்னால் எடுத்துக்கொள்ளலாம் என்ற சலுகை இருக்கலாம், ஆனால் பணம் முதலில் வந்துவிட வேண்டும். இதில் எனக்குக் குறையில்லை. வாயுவை மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்து, 600 மடங்கு சுருக்கிக் கப்பலேற்றும் ஆலையைக் கட்டப் பல நூறு கோடி டாலர் பிடிக்கும். வாங்க ஆள் உறுதியாக இல்லாவிட்டால் வங்கிகள் கடன் தரத் தயங்கும்.

சரி, விற்பவர் கைவிரித்தால்? பல ஒப்பந்தங்களில் தண்டத்துக்கு உச்சவரம்பு உண்டு. அதுவும் ஒப்பந்த விலையில் ஒரு பங்குதான். ஓர் அலகு வாயுவுக்கு ஒப்பந்த விலை 10 டாலர், தண்டம் 30 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். சந்தை விலை 40 டாலருக்கு ஏறினால், 3 டாலரைக் கட்டிவிட்டு வேறு துறைமுகத்துக்குக் கப்பலைத் திருப்புகிறவருக்கு 27 டாலர் கூடுதலாகக் கிடைக்கிறது. வாக்குத் தவறுகிறவருக்கு ஒப்பந்தமே லாபம் எழுதிக் கொடுப்பது எப்படி நியாயம்?

நீண்டகால ஒப்பந்தமில்லாமல் அன்றைய விலைக்கு வாங்கும் ஆசிய ஸ்பாட் சந்தையில், பத்து லட்சம் பி.டி.யூ. (வெப்ப அளவை அலகு) எரிவாயு 2020இல் 2 டாலருக்கும் கீழே கிடந்தது. உக்ரைன் போர் தொடங்கியதும் 2022 மார்ச்சில் அது 80 டாலரைத் தாண்டியது. ரஷ்யக் குழாய் வாயு குறையக் குறைய, ஐரோப்பா கிடைத்த கப்பலையெல்லாம் வாங்கியது. ஒப்பந்தம் போட்ட விற்பனையாளர்கள் ஏற்கெனவே கைவிட்டிருந்த பாகிஸ்தான், அந்த ஜூலையில் 10 கப்பல் சரக்குக்கு டெண்டர் விட்டது. ஒருவரும் விலை குறிக்கவில்லை. வங்கதேசம் ஸ்பாட் சந்தையில் வாங்குவதையே நிறுத்தி, முறைவைத்து மின்சாரத்தை வெட்டியது. இரவு 8 மணிக்குக் கடையை மூடச் சொல்லி முந்தைய மாதமே உத்தரவு வந்திருந்தது.

மின்சாரம் போனால் தையல் எந்திரத்தின் ஊசி துணியில் குத்தியபடியே நின்றுவிடும். பாதித் தைத்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டு இருட்டில் காத்திருப்பவரின் அன்றைய கூலி உங்கள் இழப்பீட்டுக் கணக்கில் எங்குமே வருவதில்லை.

ஆகவே தண்டத்தை அன்றைய சந்தை விலையோடு இணைத்து எழுதுங்கள். ஒப்பந்த விலைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை முழுசாக விற்பவரே தரட்டும். புயல், ஆலையில் தீ போன்றவற்றுக்கு விலக்கு இருக்கட்டும், அதில் மறுப்பில்லை. ஆனால் வேறிடத்தில் நல்ல விலை கிடைத்தது என்பது அந்தக் கணக்கில் சேராது.

"வரம்பு வைத்ததால்தான் மலிவாகக் கொடுத்தோம்" என்பீர்கள். அப்படியானால் வரம்போடு ஒரு விலை, வரம்பில்லாமல் ஒரு விலை என்று இரண்டையும் மேசைமேல் வையுங்கள். எதை வாங்குகிறோம் என்று தெரிந்தே வாங்குபவர்கள் கையெழுத்துப் போடட்டும்.

இப்படிக்கு,
எரிவாயு வணிகத்தைத் தொடர்ந்து கவனித்துவரும் ஒருவர்