பக்கப் பலகையை இன்னும் அறுக்கவில்லை

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.

அன்பு மகனுக்கு,

நானும் அம்மாவும் நலம். நீ, மருமகள், பேரன் எல்லோரும் நலமாக இருக்க நல்லூரானை வேண்டுகிறோம்.

நீ ஆள்வசம் கொடுத்துவிட்ட பொதி வந்து இரண்டு மாதமாகிறது. "பொழுதுபோக்காக, நின்றபடி வீடியோ விளையாட்டு ஆடும் ஓர் ஆர்கேட் பெட்டி செய்து பாருங்கள் அப்பா" என்று நீ சொன்னபோது சிரித்தேன். இப்போது சாப்பாட்டு மேசை பட்டறையாகிவிட்டது. நாங்கள் விறாந்தையில் இருந்து சாப்பிடுகிறோம். அம்மாவுக்கு உன்மேல்தான் கோபம்.

கம்பி வேலையில் எனக்குப் பயமில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, நீ கையால் பெடலைச் சுற்ற, டைனமோவில் வானொலி கேட்ட வீடு இது. நீ கை மாற்றும்போதெல்லாம் செய்தி வாசிப்பவரின் குரல் அமுங்கி எழும். அதற்குப் பிறகு ராஸ்பெரி பை என்ற அந்தச் சின்னக் கணினியின் ஐந்து வோல்ற் என்னை என்ன செய்யும் என்று இறங்கினேன். பொதுக் கம்பியை மாலை கோப்பதுபோல் பொத்தானுக்குப் பொத்தான் இழுத்து, மற்றக் கம்பிகளைத் தனித்தனியே, பொத்தான் அமுக்குவதைக் கணினிக்குச் சொல்லும் யூஎஸ்பி பலகைக்குக் கொண்டுபோனேன். பக்மான் விளையாட்டுத் திரையில் வந்துவிட்டது. ஆனால் ஜோய்ஸ்டிக் தடியை இடப்பக்கம் தள்ளினால் பக்மான் வலப்பக்கம் ஓடுகிறது!

இரவு பதினொரு மணிவரை கம்பிகளைச் சந்தேகித்தேன். பிறகு பலகையைக் கவிழ்த்து, தடியை மெல்ல அசைத்துப் பார்த்தேன். மேலே இடப்பக்கம் சாய்த்தால், அதன் கீழ்முனை வலப்பக்கச் சுவிட்சையல்லவா 'டிக்' என்று அமுக்குகிறது! இரண்டு கம்பிகளை மாற்றிச் செருகினேன், சரியாகிவிட்டது. திருப்பங்களில் பக்மான் தயங்கி நின்றதற்குக் காரணம் வேறு. தடி எட்டுத் திசைக்கும் சாய்கிறது, அந்த விளையாட்டுக்கோ நான்கே திசை. அடியில் உள்ள சதுரத் தட்டைத் திருப்பிப் பூட்டியதும் மூலைக்குச் சாய்வது நின்றது. 1980இல் நம்கோ நிறுவனம் அதை வெளியிட்டபோது, ஆட ஒரு தடி மட்டுமே இருந்ததாம். நீ அனுப்பிய பொத்தான்களில் பாதியைப் பேரன் வேறு எதற்காவது அமுக்கட்டும்.

மரவேலைதான் என்னைப் படுத்துகிறது. என் துளைவாள் 28 மில்லிமீற்றர், பொத்தான் 30. துளையைச் சிறிதாகப் போட்டது நல்லதாய்ப் போயிற்று, பெரிதாகியிருந்தால் பலகையே வீண். வட்ட அரத்தால் ஒவ்வொன்றாக ராவினேன், இரண்டு நாள் போயிற்று. மரநாரை அமுக்கிச் செய்த எம்.டி.எஃப். பலகை மலிவு என்றார்கள். நம் மாரிமழை ஈரத்துக்கு அது பொருமிவிடும் என்று 18 மில்லிமீற்றர் பிளைவுட்டே எடுத்தேன். கறையானுக்குப் பயந்து அடியில் றப்பர்க் கால் வைக்கப்போகிறேன்.

எட்டடிக்கு நாலடித் தாள் ஒன்றில் இரண்டு பக்கப் பலகைகளும் அடங்கும். ஆறடி உயரத்தில் பென்சிலால் வரைந்து முற்றத்தில் கிடத்தியிருந்தேன். பக்கத்து ஒழுங்கை ஓடாவியார் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "இதற்குள் யாரை வைக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டார். அம்மா அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

தடி இருக்கும் தட்டு எந்த உயரத்தில் வரவேண்டும் என்பதில்தான் வேலை நிற்கிறது. நின்று விளையாடுபவரின் முழங்கைக்குச் சற்றுக் கீழே இருந்தால் கை நோகாது. பெரியவர்களுக்கு முப்பத்தெட்டு அங்குலமளவில் வரும் என்று நினைக்கிறேன். ஆனால் நீ இங்கிருந்து போனபோது மெலிந்த பொடியன். பேரனைக் கைத்தொலைபேசியில் தோளுக்கு மேலேதான் பார்த்திருக்கிறேன். அறுத்த பலகையை ஒட்ட முடியாது.

ஆகவே கடிதம் கிடைத்ததும் உன் முழங்கை நிலத்திலிருந்து எத்தனை அங்குலம் என்று மருமகளைக் கொண்டு அளந்து அனுப்பு. பேரனுடையதையும் அனுப்பு, அவனுக்கு ஒரு படி செய்யவேண்டும். சப்பாத்தைக் கழற்றிவிட்டு அளக்கவும். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு நீங்கள் வருவதற்குள் அவன் வளர்வதற்கு நானே ஓர் அங்குலம் கணக்கில் வைத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா