துப்பறியும் கதையை எந்த வரியில் நிறுத்துவது?

ஆசிரியருக்கு வணக்கம்.

வாசிப்பு வகுப்பில் ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளைப் பயன்படுத்துவது நல்ல காரியம். ஆனால் கதை முழுவதையும் படித்து முடித்துவிட்டுக் "குற்றவாளி யார்?" என்று கேட்டால், அது வெறும் நினைவாற்றல் சோதனைதான். ஹோம்ஸ் விளக்கம் சொல்லத் தொடங்கும் பகுதியை நீக்கிவிட்டு, மீதி நகலைத்தான் மாணவர் கையில் கொடுக்க வேண்டும்.

1892இல் வெளிவந்த 'சில்வர் பிளேஸ்' ஒன்பதாம் வகுப்புக்கு நன்றாகப் பொருந்தும். பந்தயக் குதிரை காணாமல் போகிறது. அதன் பயிற்சியாளர் இறந்துகிடக்கிறார். இரவில் நாய் எதுவும் செய்யவில்லை என்று இன்ஸ்பெக்டர் சொல்கிறாரே, அந்த இடத்தோடு நகல் முடியட்டும். வாசிக்க ஒரு பாடவேளை, விவாதிக்க ஒன்று. குழுவுக்கு நான்கு பேர் போதும். ஆறு பேரானால் இருவர் வேடிக்கை பார்ப்பார்கள். ஒவ்வொரு குழுவும் மூன்று பத்திகள் கொண்ட அட்டவணை போட வேண்டும்: கதையில் உள்ளது, அதிலிருந்து ஊகித்தது, இன்னும் தெரிய வேண்டியது. முதல் பத்தியில் எழுதும் எதற்கும் பக்கமும் வரியும் காட்டியாக வேண்டும். இந்தக் கட்டாயம் இல்லாவிட்டால் "வெளியாள் வந்து குதிரையைத் திருடினான்" என்ற ஊகமும் முதல் பத்திக்குள் புகுந்துவிடும்.

நாய் குரைக்கவில்லை, எனவே இரவில் வந்தவர் அதற்குப் பழக்கமானவர் என்பது ஹோம்ஸின் வாதம். ஆனால் நாய் குரைக்கவில்லை என்பதற்கு என்ன ஆதாரம்? பரணில் தூங்கிய இரண்டு பையன்கள் எதையும் கேட்கவில்லை, அவ்வளவுதான். அவர்கள் அயர்ந்து தூங்குகிறவர்கள் என்றும் அதே கதை சொல்கிறது. ஹோம்ஸின் வாதத்தில் உள்ள இந்த ஓட்டையைக் கண்டுபிடிக்கும் மாணவருக்கு முழு மதிப்பெண் கொடுங்கள்.

சுருக்கப் பதிப்புகளில் கவனம் தேவை. இதே கதையில் லாயத்துப் பையனின் ஆட்டுக்கறியில் அபின் கலந்திருந்தது. அபினின் சுவையை மறைக்கும் மசாலா அன்றைக்கென்று சமையலில் இருந்ததுதான் முக்கியத் தடயம். பதிப்பு "சாப்பாட்டில் மருந்து" என்று சுருக்கிவிட்டால் அந்தத் தடயமே போய்விடும். எனவே ஆசிரியர் முதலில் இறுதி விளக்கத்தைப் படித்து, அதில் வரும் தடயங்களைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றும் முன்பகுதியில் இருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும்.

கணக்கு ஆசிரியருக்கும் இக்கதையில் வேலை உண்டு. 60 கஜத்துக்கு ஒன்றாக நிற்கும் தந்திக் கம்பங்களை வைத்து, ரயில் மணிக்கு 53½ மைல் வேகத்தில் போவதாக ஹோம்ஸ் சொல்கிறார். அந்த வேகத்தில் ஓர் இடைவெளியைக் கடக்க ஏறக்குறைய 2.3 நொடி ஆகும். கைக்கடிகாரத்தில் ஒரு நொடி பிசகினாலும் அந்த அரை மைல் துல்லியம் கிடைக்க, 47 இடைவெளிகளாவது எண்ண வேண்டும். பிழை என்றால் என்ன என்பதை இதைவிடச் சுவையாக விளக்க முடியாது.

அறிவியல் வகுப்புக்கு 'ஸ்பெக்கிள்டு பேண்ட்' கதையைச் சொல்வேன், அதில் உள்ள தவறுகளுக்காகவே. பால் வைத்துப் பழக்கிய இந்தியப் பாம்பு, விசிலுக்குத் திரும்பி வருகிறது. கடிபட்டவர் பத்து நொடியில் இறக்கிறார். இவற்றை மாணவர்களே சரிபார்த்து மறுக்கட்டும்.

'டான்ஸிங் மென்' கதையில் எழுத்துக்கு ஒன்றாக ஆடும் மனித உருவங்களை வரைந்த சங்கேதம், ஆங்கிலத்தில் அதிகம் வரும் எழுத்து ஈ (E) என்ற உண்மையால் உடைகிறது. முதல் செய்தியின் 15 உருவங்களில் 4 அந்த எழுத்துதான். இதைத் தமிழில் செய்ய 247 எழுத்துக்கும் குறி வைத்தால் பயிற்சி படுத்துவிடும். உயிர்மெய்யைப் பிரித்து, உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என 31 குறிகள் போதும். சங்கேதச் செய்தி மிகச் சிறியதாக இருந்தால் எந்தக் குறி அதிகம் வருகிறது என்ற எண்ணிக்கை ஏமாற்றும். இருநூறு குறிகளாவது இருக்கட்டும்.

ஹோம்ஸ் கதைகளை எழுதிய கானன் டாயில் 1930இல் மறைந்தார். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகளுக்குப் பின் பதிப்புரிமை நீங்குவதால், ஆங்கில மூலத்தைத் தயக்கமின்றி நகலெடுக்கலாம், மொழிபெயர்க்கலாம். அண்மைக்காலத் தமிழ் மொழிபெயர்ப்புகளுக்குத் தனி உரிமை உண்டு. அவற்றை விலைக்கு வாங்கித்தான் பயன்படுத்த வேண்டும்.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியர் ஒருவர், மதுரை