நெவில் வேண்டாம், பலராம் போதும்

திண்டுக்கல்
2.12.2025

அன்புள்ள சேவியர்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. உடனே பதில் எழுதாததற்கு மழையைக் காரணம் சொல்லலாம். நீ கேட்டிருந்த கேள்விதான் உண்மையான காரணம்.

முதலில் வீட்டுச் செய்தி. இடது கண்ணில் புரை எடுத்தாயிற்று. நான்கு வேளையும் சொட்டு மருந்து விடும் பொறுப்பைக் கமலா எடுத்துக்கொண்டு, அதைச் சாக்காக வைத்து என்னை நன்றாக அதட்டுகிறாள். மாப்பிள்ளைக்கு ஓசூருக்கு மாற்றல் வந்திருக்கிறது. பள்ளி ஆண்டு முடியும்வரை பேரன் எங்களோடுதான் இருப்பான். அவனும் கால்பந்துதான் ஆடுகிறான், ஆனால் அவன் சட்டையின் முதுகில் ஏதோ ஐரோப்பியப் பெயர் இருக்கிறது. மேரியின் சர்க்கரை எந்த அளவில் இருக்கிறது என்று நீ எழுதவே இல்லை. அடுத்த கடிதத்தில் எழுது.

டாக்காவில் நம் கால்பந்து அணி வங்கதேசத்தோடு ஆடிய ஆட்டத்தைக் கட்டுப்போட்ட கண்ணோடு பார்த்தேன். இரண்டு கண்ணாலும் பார்க்க வேண்டிய ஆட்டம் இல்லை என்பதால் நஷ்டம் ஒன்றும் இல்லை. கால்மணி நேரம் ஆவதற்குள் அவர்களுடைய மொர்சாலின் கோல் போட்டுவிட்டார். மீதி நேரம் முழுவதும் நாம் பந்தை வைத்துக்கொண்டு அதை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தோம். வங்கதேசத்திடம் நாம் தோற்று 22 ஆண்டுகள் ஆகியிருந்தன. 2027 ஆசியக் கோப்பைக்கு நாம் போகப்போவதில்லை என்பது அக்டோபரிலேயே, கோவாவில் சிங்கப்பூரிடம் தோற்றபோதே தெரிந்துவிட்டது. ஆனாலும் டாக்கா வலித்தது.

அந்த வலியில்தான் நீ இந்த விளையாட்டைத் தொடங்கியிருக்கிறாய் என்று தெரிகிறது. பழைய ஆட்டக்காரர்களில் ஒரே ஒருவரை, அவருடைய நல்ல வயதில், இன்றைய இந்திய அணிக்குத் திருப்பித் தருவதாக யாராவது சொன்னால் யாரைக் கேட்பாய் என்று எழுதியிருந்தாய். என் பதிலுக்குக் காத்திராமல் நெவில் டிசோசா என்று உன் விடையையும் அடுத்த வரியிலேயே போட்டுவிட்டாய்.

கணக்கு நேராகத்தான் இருக்கிறது. கோல் விழவில்லை, ஆகவே கோல் அடிப்பவரைக் கொண்டுவா என்கிறாய். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை அவர்கள் ஊரிலேயே 4-2 என்று வென்றபோது மூன்று கோல் அடித்தவர் அவர். ஒலிம்பிக் கால்பந்தில் ஆசியர் ஒருவர் அடித்த முதல் ஹாட்ரிக் அது. நான்காவது இடம் வரை போனோம். அப்படிப்பட்டவரை வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன தைரியம் என்று நீ கேட்கலாம்.

சொல்கிறேன். இந்தத் தகுதிச் சுற்றில் டாக்கா வரை ஐந்து ஆட்டங்கள் ஆடி இரண்டே கோல் போட்டோம். ஷில்லாங்கில் வங்கதேசத்தோடு கோலே இல்லை. ஹாங்காங்கில் கடைசி நிமிடப் பெனால்டியில் தோல்வி. சிங்கப்பூர் போய், ஜிங்கன் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறிய பிறகு பத்துப் பேரோடு ஆடி, 90ஆவது நிமிடத்தில் ரஹீம் அலி சமன் செய்தார். கோவாவில் சாங்தே பெனால்டி பெட்டிக்கு வெளியிலிருந்து அடித்த அந்த அழகான கோலுக்குப் பிறகு இரண்டை வாங்கிக்கொண்டு தோற்றோம். நாற்பதைத் தாண்டிய சுனில் சேத்ரியை ஓய்விலிருந்து திரும்ப அழைத்து வந்தும் நிலைமை இதுதான். 95 சர்வதேச கோல் அடித்த மனிதர் அவர். கோல் அடிக்கத் தெரிந்த ஆள் இருந்தால் போதும் என்றால் அவர் இருந்தாரே!

ஹாங்காங்கில் ஆஷிக் முன்னால் கோல் திறந்து கிடந்ததை நீ நினைவூட்டுவாய். ஒப்புக்கொள்கிறேன், நெவில் அதை அடித்திருப்பார். ஆனால் அப்படி வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த வாய்ப்பு இந்த ஐந்து ஆட்டங்களில் எத்தனை வந்தது? நெவிலைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தினால் அவரும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

நம் ஆட்டம் எங்கே அறுந்துபோகிறது என்று கொஞ்சம் நிதானமாகப் பார். பின்களத்திலிருந்து பந்து நடுக்களத்துக்கு வருகிறது. அங்கே இருப்பவர் எதிரணிக் கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதை வாங்குகிறார். பின்னால் ஒருவன் மூச்சு விடுவது கேட்கிறது. உடனே, திரும்பிப் பார்க்காமலே, வந்த இடத்துக்கே பந்தை அனுப்பிவிடுகிறார். மறுபடி வருகிறது, மறுபடி போகிறது. மூன்றாம் முறை பின்களத்தில் யாருக்காவது பொறுமை போய், ஓங்கி ஓர் உதை. முன்னால் தனியாக நிற்பவர் இரண்டு தடுப்பாட்டக்காரர்களுக்கு நடுவில் எம்பிப் பார்க்கிறார், பந்து அவர்கள் தலையில் பட்டு நம் பக்கமே திரும்புகிறது. இந்த ஒரே காட்சியைத்தான் மார்ச்சிலிருந்து நவம்பர் வரை பார்த்துக்கொண்டிருக்கிறோம். அந்த முதுகில் ஆள் நிற்கும்போது திரும்பத் தெரிந்த ஒருவர்தான் நமக்கு வேண்டும். திரும்பி, ஒருவனைக் கடந்து, தலை நிமிர்ந்து பார்த்துப் பந்தைக் கொடுக்கிறவர்.

என் விடை துளசிதாஸ் பலராம்.

நீ சிரிப்பது எனக்குக் கேட்கிறது. செகந்தராபாத் பக்கத்து அம்முகுடாவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர், அதனால்தான் இவன் அங்கே போகிறான் என்பாய். இனப்பற்றுதான் காரணம் என்றால் நான் தங்கராஜைக் கேட்டிருக்க வேண்டும். நம் பி.டி. வாத்தியார் வெலிங்டன் முகாமில் பட்டாளத்தில் இருந்தவர், மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டருக்காகத் தங்கராஜ் ஆடியதைச் சொல்லாமல் அவர் ஒரு வகுப்பையாவது முடித்திருக்கிறாரா? முன்களத்தில் ஆடத் தொடங்கி, பிறகு கோலுக்கு வந்து, 1958இல் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் ஆனவர். ஆனால் இப்போது கோலில் நமக்குப் பஞ்சம் இல்லை. செப்டம்பரில் ஓமனை முதல் தடவையாக வென்றோமே, பெனால்டியில் கடைசி உதையைப் பிடித்தது குர்பிரீத்தானே. தஞ்சாவூர்க்காரர் சைமன் சுந்தரராஜையும் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

இந்த ஓட்டை எங்கே இருக்கிறதோ அங்கே சரியாகப் பொருந்துகிறவர் என்பதுதான் பலராமைக் கேட்பதற்குக் காரணம். கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கிளப்புக்கு அவர் ஆடியது உள் இடது இடத்தில், அதாவது முன்வரிசையில் இடது ஓரத்துக்கும் நடுவுக்கும் இடையில். இந்திய அணியில் அந்த இடம் சுனி கோஸ்வாமிக்கு. வலது ஓரத்தில் பி.கே. பானர்ஜி. ஆகவே பலராம் இடது ஓரத்துக்கு நகர்ந்து ஆடினார். அங்கேயும் எல்லைக்கோட்டை ஒட்டி நின்றுகொண்டு பந்து வரட்டும் என்று பார்த்திருக்கவில்லை. நடுக்களத்துக்கு இறங்கி வந்து தானே பந்தை வாங்கிக்கொண்டு போவார். முன்வரிசையில் எந்த இடத்தில் போட்டாலும் ஆடுவார் என்று அவரைப் பார்த்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். அதே மனிதர் 1961இல் ஈஸ்ட் பெங்காலின் கேப்டனாக இருந்து கல்கத்தா லீக்கையும் வென்று கொடுத்தார். ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரியிடம் நாம் 1-2 என்றுதான் தோற்றோம், அந்த ஒரு கோல் பலராமுடையது. அந்த ஹங்கேரி அணியில் ஃப்ளோரியன் ஆல்பர்ட் ஆடினார், பின்னால் ஐரோப்பாவின் சிறந்த வீரர் விருதை வாங்கியவர். இப்படிப்பட்ட அணிக்கு எதிராகக் கோல் போட்டவர் ஹாங்காங்கின் கவ்லூன் மைதானத்தில் கால் நடுங்கி நிற்பாரா?

பலராமின் பூட்ஸ் கதையை நீ படித்திருக்கிறாயா? சிறுவனாக இருந்தபோது தேர்வுக்குப் போகப் பூட்ஸ் இல்லை. அம்மா காசு புரட்டிக் கொடுத்தார். செருப்புத் தைப்பவர் ஒருவரிடம் போய், போலீஸ்காரர்கள் போட்டுத் தேய்ந்த பூட்ஸிலிருந்து ஒரு ஜோடி தைத்து வாங்கிக்கொண்டார். பிறகு பயிற்சியாளர் ரஹீம் சாகிப் கண்ணில் பட்டபோது, ஹைதராபாத்தில் நடந்த பயிற்சிக்கு அம்முகுடாவிலிருந்து வந்துபோக வழியில்லை. வாடகை சைக்கிளுக்குக் காசு கொடுத்து ரஹீமே அவரை வரவழைத்தார். இருபது வயதில் மெல்போர்ன் போனார்.

அந்தக் காலத்து ஆட்டம் மெதுவானது, இன்றைய வேகத்துக்கு அவர்கள் தாக்குப்பிடிக்க மாட்டார்கள் என்று உன் மகன் சொல்வதாக எழுதியிருந்தாய். இது எனக்கு அலுத்துப்போன வாதம். மழையில் நனைந்தால் கனத்துப்போகும் தோல் பந்தைக் கட்டுப்படுத்திய காலுக்கு இன்றைய பந்து விளையாட்டுச் சாமான். ரஹீம் பயிற்சியில், பழக்கமில்லாத காலால் மட்டுமே உதைக்க வேண்டும் என்று தனிப் போட்டிகளே நடத்துவார். இன்றைய நம் முன்களத்தில் இரண்டு காலாலும் சமமாக உதைப்பவர் யார் என்று உன் மகனிடமே கேள். உடல் தகுதியா? ஆறு மாதம் ஒழுங்கான சாப்பாடும் ஒரு நல்ல பயிற்சியாளரும் போதும்.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 0-2. தாய்லாந்து ஆட்டத்தில் ஜர்னைல் சிங்கின் தலை உடைந்து தையல் போட்டார்கள். இந்திய அதிகாரி ஒருவர் பேசிய பேச்சால் அரங்கம் முழுக்க நமக்கு எதிராகக் கூச்சல். இறுதிப் போட்டியில் நமக்காகக் கைதட்டியது பாகிஸ்தான் ஹாக்கி அணிதான் என்று நம்மவர்கள் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள். பின்கள வீரரான ஜர்னைலை, தலையில் தையலோடு, ரஹீம் முன்களத்தில் நிறுத்தினார். அதே கொரியா, 2-1, தங்கம். கோல் போட்டது பி.கே.யும் ஜர்னைலும். அதனால் எல்லோருக்கும் அந்த இரண்டு பெயர்தான் நினைவிருக்கிறது. ஜப்பானை 2-0 என்று வென்ற ஆட்டத்தில் ஒரு கோல் பலராமுடையது என்பது கேள்வி கேட்டால்தான் வெளியே வருகிறது.

எனக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அது ஆட்டத்தைப் பற்றியது அல்ல என்று நீ தள்ளிவிடலாம். நெவிலும் சுனியும் பி.கே.யும் ஆடி முடித்தார்கள். சுனி கால்பந்தை முடித்துக்கொண்டு கிரிக்கெட்டில் வங்காளத்தை ரஞ்சி இறுதிப் போட்டி வரை கூட்டிக்கொண்டு போனார். பலராம் முடிக்கவில்லை. நுரையீரல் நோய் வந்து 27 வயதில் ஆட்டத்தை விட்டார். அது 1963. அதே ஆண்டு ஜூனில் ரஹீமும் புற்றுநோயால் இறந்துபோனார். சுனிக்கும் பி.கே.வுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது, இவருக்குக் கிடைக்கவில்லை. ஹூக்ளிக் கரை உத்தரபாராவில் வாழ்ந்து, 2023 பிப்ரவரியில் காலமானார். நல்ல ஆட்டக்காரனுக்கு 27க்கு மேல் நாலைந்து வருஷமாவது ஆட்டம் இருக்கும். அந்த ஆட்டம் யாராலும் ஆடப்படாமல் அப்படியே கிடக்கிறது. ஒருவரைத் திருப்பித் தருகிறேன் என்று சொல்கிறவர்கள் பாக்கி வைத்துவிட்டுப் போனவரை அல்லவா தர வேண்டும்?

உன் விதியில் "ஆட்டக்காரர்" என்று எழுதிக் கட்டிப்போட்டுவிட்டாய். இல்லையென்றால் ரஹீம் சாகிப்பையே கேட்டிருப்பேன், விவாதமே முடிந்திருக்கும். இன்றைய பயிற்சியாளர் காலித் ஜமீலைக் குறை சொல்லவில்லை, அவர் ஆகஸ்டில்தான் வந்தார், வந்த மாதமே மத்திய ஆசியப் போட்டிக்கு அணியை அழைத்துப் போய் மூன்றாம் இடம் வாங்கினார்.

என் பேரனையும் கேட்டேன். ஐ.எம். விஜயன் என்றான். திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற பையன் இந்தியாவுக்கு ஆடினான் என்பதை யாரோ சொல்லியிருக்கிறார்கள், அதில் மயங்கிவிட்டான். மோசமான விடை இல்லை. ஐரோப்பியச் சட்டைக்காரனிடமிருந்து இந்த அளவு வந்ததே பெரிது.

ஆனால் சேவியர், பலராம் நாளைக் காலையில் ஹௌராவில் வந்து இறங்கினார் என்றே வைத்துக்கொள்வோம். எங்கே ஆடுவார்? நம் கிளப்புகளின் பெரிய லீக்கான ஐ.எஸ்.எல். இந்தப் பருவம் இன்னும் தொடங்கவே இல்லை. போட்டியை நடத்தும் உரிமைக்கு ஏலம் விட்டார்கள், எடுக்க ஒருவரும் வரவில்லை. சூப்பர் கோப்பையை விட்டால் கிளப்புகளுக்கு ஆட்டம் இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது. ஆஸ்திரேலியக் குடியுரிமையை விட்டுவிட்டு இந்தியப் பாஸ்போர்ட் வாங்கிய ரயன் வில்லியம்ஸையே, அந்த நாட்டுச் சங்கத்தின் சான்று வந்து சேராததால், டாக்காவில் களம் இறக்க முடியவில்லை. பலராமுக்கு அந்தச் சிக்கல் இல்லை, ஆனால் பயிற்சி முகாமுக்கு வருவதற்கு அவர் மறுபடியும் வாடகை சைக்கிள் எடுக்க வேண்டியிருக்கும்.

நீ எப்படியும் "யாரை வெளியே உட்கார வைப்பாய்?" என்று கேட்பாய். அதற்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன். சாங்தேயைத் தொட மாட்டேன், அவர் வலது ஓரத்திலேயே இருக்கட்டும். நடுக்களத்தில் இரண்டு தற்காப்பு ஆட்களை நிறுத்தி எல்லோரும் பயந்துகொண்டே ஆடுகிறோமே, அதில் ஒருவரை எடுத்துவிட்டு, முன்களத்துக்குச் சற்றுப் பின்னால் பலராமை விட்டுவிடுவேன். உள் இடது, அவருடைய சொந்த இடம். இந்திய அணியில் ஒருமுறையாவது அங்கே ஆடட்டும்.

பொங்கலுக்கு வருவதாக எழுதியிருக்கிறாய், சந்தோஷம். டிக்கெட் எடுத்துவிட்டாயா? எந்த வண்டி என்று எழுது, நான் ஸ்டேஷனுக்கு வருகிறேன். நெவிலுக்காக வாதாட உன் மகனையும் கூட்டிக்கொண்டு வா, எங்கள் வீட்டில் எனக்கு ஆதரவாகப் பேச ஒருவரும் இல்லை.

மேரிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

உன்,
ராஜமாணிக்கம்