நியூரம்பெர்க்கிலிருந்து ரோமுக்குப் போகும் வழி

அன்பு மகளுக்கு,

கோடை விடுமுறையில் நியூரம்பெர்க்கிலிருந்து காரிலேயே ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி ரோம் வரை போகப்போவதாகச் சொன்னாய். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் அதே வழியில் போனவர்கள் எதை நம்பிப் புறப்பட்டார்கள் என்று நீ கேட்டதற்குத் தொலைபேசியில் முழுமையாகப் பதில் சொல்ல இயலவில்லை. இதெல்லாம் எழுதினால்தான் கோவையாக வரும்.

நீ குடியிருக்கும் ஊரிலிருந்தே தொடங்குகிறேன். எர்ஹார்ட் எட்ஸ்லாப் என்பவர் நியூரம்பெர்க்கில் திசைகாட்டியும் சூரியக் கடிகாரமும் செய்தவர், மருத்துவமும் பார்த்திருக்கிறார். 1500ஆம் ஆண்டு ரோமில், கத்தோலிக்கர் பாவமன்னிப்பு நாடி யாத்திரை வரும் புனித ஆண்டாகக் கொண்டாடப்பட்டதையொட்டி, ஜெர்மன் நாடுகளிலிருந்து கிளம்பும் யாத்திரிகர்களுக்காக மர அச்சில் ஒரு வரைபடம் வெளியிட்டார். அதைப் பார்ப்பவருக்கு முதலில் தலைகீழாகத் தோன்றும். ஏனெனில் தெற்கு மேலேயும் வடக்கு கீழேயும் இருக்கும். டென்மார்க்கிலிருந்து வருபவன் படத்தின் அடியில் தொடங்கி, ரோமை நோக்கி மேலே மேலே போய்க்கொண்டிருப்பான். சாலைகளைக் கோடாகப் போடாமல் புள்ளிகளாகவே வைத்திருக்கிறார். ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையே ஒரு ஜெர்மன் மைல், அதாவது ஏறத்தாழ 7.4 கிலோமீட்டர். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாதவனும் புள்ளிகளை எண்ணி, இன்னும் எவ்வளவு நடக்க வேண்டும் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

ஆனால் எட்ஸ்லாபின் படத்தை வைத்து அந்தக் காலத்துப் பயணிகள் எல்லோரும் வரைபடத்துடன் திரிந்ததாக நினைத்துவிடாதே. பதினாறாம் நூற்றாண்டில் பெருகியது படமே இல்லாத சிறு வழிநூல்கள்தாம். ஸ்பெயினில் ஹுவான் வில்லூகா 1546இல் மெதினா தெல் காம்போவில் ஒன்றை அச்சிட்டார். உனக்குப் பக்கத்து ஆக்ஸ்பர்க்கில் யோர்க் கைல் 1563இல் ஒன்றைக் கொண்டுவந்தார். இவற்றில் இருப்பதெல்லாம் ஊர்ப் பெயரும் தூரமும்தான். பேருந்து நடத்துநர் அடுத்தடுத்த நிறுத்தங்களை ஒப்பிப்பதைப் போல வரிசையாக வந்துகொண்டிருக்கும். அடுத்த ஊரின் பெயர் தெரிந்துவிட்டால் எந்தப் பிரிவில் திரும்புவது, ஆற்றை எங்கே கடப்பது என்பதை வழியில் எதிர்ப்படும் யாரிடமும் கேட்டுக்கொள்ளலாம். பெயர் தெரியாவிட்டால் கேட்கவே வழியில்லை. ஆகவே அந்தப் பட்டியல், வழியில் இருக்கும் மனிதர்களையும் கணக்கில் சேர்த்துக்கொண்டே செய்யப்பட்டது என்பது என் எண்ணம்.

எனக்கு மிகவும் பிடித்தது பாரிஸில் 1552இல் ஷார்ல் எஸ்தியென் வெளியிட்ட பிரான்சு வழிநூல். அவர் மருத்துவர், உடற்கூறு பற்றி நூல் எழுதியவர், அரசருக்கு அச்சகராகவும் இருந்தவர். நாடு முழுவதையும் அவரே சுற்றி வந்து எழுதவில்லை. தூதர்கள், வணிகர்கள், யாத்திரிகர்கள் ஆகியோரிடம் கேட்டுத் திரட்டியிருக்கிறார். சட்டைப்பையில் கொள்ளும் அந்தச் சிறு புத்தகத்தில் சில ஊர்ப் பெயர்களின் அருகே ஓர் எழுத்து நிற்கும்: ஓர் எழுத்து கண்டால் அங்கே உண்ணலாம், மற்றோர் எழுத்து கண்டால் அங்கே இரவு தங்கலாம். இடையிடையே, இந்தக் காட்டில் கள்வர் பயம் உண்டு, இந்த ஊரில் திராட்சை மது நன்றாயிருக்கும் என்று ஒரு சொல், இரண்டு சொல்லில் குறிப்பு வரும். நடந்து களைத்தவனுக்கு இவற்றைவிட வேறென்ன தெரிய வேண்டும்?

தூரம்தான் பெரிய தொல்லை. பிரான்சில் லீக் என்னும் தூர அளவு மாகாணத்துக்கு மாகாணம் வேறுபட்டது. எஸ்தியென் அதையும் விளக்கி எச்சரித்தே தொடங்குகிறார். ஜெர்மன் மைலோ இத்தாலிய மைலைப் போலப் பல மடங்கு நீளமானது. ஆல்ப்ஸைத் தாண்டியதும் எண்கள் திடீரெனப் பெருகுவதைக் கண்டு புதியவன் கலங்கியிருப்பான். 1582இல் போப் கிரகோரி நாட்காட்டியைத் திருத்திய பின் தேதியும் குழம்பியது. புராட்டஸ்டன்ட் நகரமான நியூரம்பெர்க் 1700 வரை பழைய நாட்காட்டியையே பிடித்துக்கொண்டிருந்ததால், கத்தோலிக்க பாம்பெர்க்குக்குப் போய்ச் சேர்ந்தவன் தேதியில் பத்து நாள் முன்னே தாவியிருப்பான். இத்தாலிக்குள் நுழைந்தால், கொள்ளை நோய் இல்லாத ஊரிலிருந்து வருவதாகச் சான்றுச் சீட்டு காட்ட வேண்டும். அது இல்லாதவனை நகர வாயிலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

அவசரக்காரர்களின் உலகம் வேறு. தாக்ஸிஸ் குடும்பத்தார் 1490 முதல் இன்றைய ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக்குக்கும் பெல்ஜியத்தின் மெக்கலனுக்கும் இடையே குதிரை மாற்றும் நிலைகள் அமைத்து அஞ்சல் நடத்தினார்கள். 1505இல் அவர்கள் செய்துகொண்ட ஒப்பந்தப்படி பிரஸ்ஸல்ஸிலிருந்து இன்ஸ்புருக்குக்குக் கோடையில் ஐந்தரை நாளில் கடிதம் சேர வேண்டும். குளிர்காலத்தில் ஒரு நாள் கூடுதல். பிற்காலத்தில் இத்தகைய அஞ்சல் நிலைகளின் பெயர்களே தனி நூல்களாக அச்சாயின. ஜியோவான்னி தா லெர்பாவின் நூல் 1563இல் ரோமில் வந்தது. நீ போகும் வழியில் இன்ஸ்புருக்கும் வருமல்லவா?

வழியை அளந்து படமாக்கிக் காட்டிய பெருமை இங்கிலாந்தின் ஜான் ஓகில்பிக்கு உரியது. 1675இல் வெளிவந்த அவருடைய நூலில் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட 100 படங்களில் 73 சாலைகள் உள்ளன. ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில், உருளும் சக்கரத்தால் அளந்து வரைந்தவை. ஒவ்வொரு சாலையும் சுருளை விரித்தாற்போல் கீழிருந்து மேலே பட்டை பட்டையாகப் போகிறது. சாலை வளைய வளைய, பட்டைக்குப் பட்டை திசைகாட்டியும் திரும்பிக்கொள்கிறது. ஏற வேண்டிய குன்றை நேராகவும், இறங்க வேண்டிய குன்றைத் தலைகீழாகவும் வரைந்தார். வேலியிட்ட சாலைக்குத் தொடர்கோடு, திறந்த வெளியில் போகும் சாலைக்குப் புள்ளிக்கோடு. வியந்து பார்க்க வேண்டிய உழைப்புதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெரிய புத்தகத்தைக் குதிரை மேல் தூக்கிக்கொண்டு யார் போவார்கள்? செல்வர் வீட்டு மேசைக்கே அது பொருத்தம். 1719, 1720 ஆண்டுகளில் பதிப்பாளர்கள் அதைச் சுருக்கிக் கையடக்கமாக வெளியிட்ட பிறகே ஓகில்பியின் சாலைகள் உண்மையில் சாலைக்கு வந்தன. அதற்குள் ஓகில்பி இறந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

அன்புடன்,
அப்பா