சிறுநீர்க் கணக்கு எழுதியவர்களுக்கு

என் ஆராய்ச்சிக்குத் தோள் கொடுத்த அனைவருக்கும் வணக்கம்.

இந்த மாதத்தோடு அறுவை அரங்கிலிருந்தும் ஆய்வகத்திலிருந்தும் ஓய்வு பெறுகிறேன். வழியனுப்பு விழாவில் என் கட்டுரைப் பட்டியலை வாசித்தார்கள். என் பெயர் சலிக்கச் சலிக்க வந்தது. உங்களில் பலர் பெயர் ஒருமுறைகூட வரவில்லை. வீடு திரும்பியும் அது உறுத்திக்கொண்டே இருந்ததால் இந்த மடல்.

என் கேள்வி கடைசிவரை ஒன்றுதான். இன்னொருவருக்குப் பொருத்துவதற்காக உடலிலிருந்து எடுத்த சிறுநீரகம் பனிக்கட்டியில் எவ்வளவு நேரம் தாங்கும்? குளிரில் திசுவின் ஆக்ஸிஜன் தேவை வெகுவாகக் குறையும், ஆனால் நின்றுவிடாது. சோடியத்தை வெளியே தள்ளும் வேலை தளர்ந்து செல்கள் வீங்கும். வேடிக்கை என்னவென்றால், மறுபடி ரத்தம் பாயும்போதுதான் இன்னொரு பெரிய அடி விழுகிறது. இதை எலிகளில்தான் பார்க்கத் தொடங்கினோம்.

எலி அறையின் டெக்னீஷியன் அண்ணே, முதல் வணக்கம் உங்களுக்குத்தான். முடியைவிட மெல்லிய நூலால் எலியின் ரத்தக்குழாயைத் தைக்க எனக்குக் கற்றுக்கொடுத்தது எந்தப் பேராசிரியரும் இல்லை, நீங்கள். ரத்தக்குழாய்த் தையலுக்கு வழிகாட்டிய அலெக்ஸிஸ் காரெல், ஃபிரான்ஸின் லியோன் நகரில் பூத்தையல் செய்யும் பெண்மணி ஒருவரிடம் ஊசி பிடிக்கக் கற்றார் என்பார்கள். 1912-ல் நோபல் பரிசு காரெலுக்குக் கிடைத்தது. பூத்தையல்காரருக்குக் கிடைத்ததாகத் தெரியவில்லை!

இரவுப்பணி செவிலியர்களே, மாற்றுச் சிறுநீரகம் வேலை செய்கிறதா என்று அறிய, சிறுநீரை மணிக்கொருமுறை அளந்து எழுதியவர்கள் நீங்கள். என் வரைபடங்கள் எல்லாம் உங்கள் கையெழுத்திலிருந்து பிறந்தவை. ஒரு நோயாளியின் தாளில் மூன்று மணிக்கு எதிரே அளவு திடீரென்று சரிந்திருந்தது. சிறுநீரகம் பழுது என்று நான் எழுதப்போன நேரத்தில், ஓரத்தில் பொடி எழுத்தில் கிடந்த வரி கண்ணில் பட்டது: 'பை மாற்றும்போது கொட்டிவிட்டது.' தன் தவறைத் தானே எழுதிவைத்த அந்தக் கைக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

புள்ளியியல் பார்த்த அம்மையாருக்கு நன்றியோடு ஒரு மன்னிப்பும். சிறுநீரகத்தைக் கெடாமல் வைக்கும் எங்கள் புதிய திரவத்தில் வைத்தவை, பொருத்தியதும் சீக்கிரம் விழித்துக்கொண்டன என்று துள்ளிக் குதித்தோம். நீங்கள்தான் கொடையாளர்களின் வயதைக் கேட்டீர்கள். அந்தக் குழுவில் பெரும்பாலும் இளையவர்கள்! பலன் திரவத்தினுடையதா, இளமையினுடையதா என்று சொல்ல வழியில்லை. மாநாட்டுக்கு அனுப்பிய ஆய்வுச் சுருக்கத்தைத் திரும்பப் பெற்றோம். இரண்டு வாரம் உங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அது என் சிறுபிள்ளைத்தனம்.

உறுப்புக்கொடை ஒருங்கிணைப்பாளர் தம்பி, அந்த இரவு உனக்கு நினைவிருக்கும். மூளைச்சாவு உறுதியாகி, குடும்பமும் சம்மதித்துவிட்டது. நான் போன் போட்டு, 'இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?' என்று அவசரப்படுத்தினேன். 'அவங்க இன்னும் கையைப் பிடிச்சிட்டிருக்காங்க சார்' என்றாய். அதன்பிறகு நான் யாரையும் அப்படிக் கேட்டதில்லை.

1954-ல் பாஸ்டனில் ஜோசப் மர்ரே செய்த முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றைப் பற்றி எல்லா வகுப்புகளிலும் பேசியிருக்கிறேன். கொடுத்தவரும் பெற்றவரும் ஒத்த இரட்டையர் என்பதால் உடல் அதை அந்நியமாகக் கருதி ஒதுக்கவில்லை. பெற்ற ரிச்சர்ட் ஹெரிக் இன்னும் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். தம்பியோ அண்ணனோ பிழைத்ததைக் கண்ணால் பார்க்கும் பேறு அந்தக் கொடையாளருக்கு வாய்த்தது.

உங்களுக்கு அது வாய்க்கவில்லை. நான் கடைசியாகப் பேச விரும்புவது உங்களிடம்தான். உங்கள் பிள்ளையின், துணையின், தாயின் சிறுநீரகம் பொருத்தத் தகுதியானதல்ல என்று நாங்கள் சொன்னபோது, 'சரி, ஆராய்ச்சிக்காவது எடுத்துக்கொள்ளுங்கள்' என்றவர்கள் நீங்கள். அதனால் யாரும் பிழைக்கவில்லை. பெற்றவர் எழுதும் நன்றிக் கடிதம் உங்கள் வீட்டுக்கு வர வழியே இல்லை. எங்கள் ஆய்வகத்தில் நடந்ததை யாரும் உங்களிடம் சொல்லியிருக்கவும் மாட்டார்கள், ஆகவே நான் சொல்கிறேன். அதைக் கருவியில் இணைத்து, உடல் சூட்டில் ரத்தம் செலுத்தினோம். வெளிறிக் கிடந்த சிறுநீரகம் மெல்லச் சிவந்தது. குழாயின் நுனியில் ஒரு சொட்டுச் சிறுநீர் திரண்டு விழுந்தது. அறையில் இருந்த எல்லோரும் எழுந்து நின்றோம்.